ஊசி குத்தினால் நாயின் கட்டி பரவுமா?

“நாயின் கட்டியில் ஊசி குத்திப் பரிசோதித்தால் புற்றுநோய் உடலெங்கும் பரவிவிடும், தொடாமல் விட்டுவிடுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது.

தோலிலோ தோலுக்கடியிலோ உள்ள கட்டியிலிருந்து மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்து, ஸ்லைடில் பரப்பி, காற்றில் உலர்த்தி, ஜீம்சா போன்ற சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதே இச்சோதனை. பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. கொழுப்புக் கட்டியென்றால் ஸ்லைடில் உலராத எண்ணெய்ப் பசை மின்னும். மாஸ்ட் செல் கட்டியென்றால் (ஒவ்வாமையில் பங்காற்றும் நோயெதிர்ப்பு செல்களில் உருவாகும் புற்று) செல்களுக்குள் ஊதா நிறத் துகள்கள் மணல் தூவியதுபோல் நிறைந்திருக்கும். வதந்திக்கு வித்திட்டது இந்த இரண்டாவது கட்டியாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. ஊசி பட்டதும் அத்துகள்களிலிருந்து வீக்கத்தை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளியேறுவதால், கட்டி சிவந்து வீங்குவதுண்டு. அது பரவல் அன்று.

ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றில், வயிற்றுச் சுவர் வழியே ஊசி செலுத்திய தடத்தில் புற்று முளைத்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. எனவேதான் அங்கு சிறுநீரிலிருந்தோ, சிறுநீர் வெளியேறும் வழியே செலுத்தும் மெல்லிய குழாய் மூலமோ செல்களை எடுக்கிறார்கள்.

ஊசிச் சோதனையே எல்லாவற்றுக்கும் போதும் என்பதும் சரியன்று. கட்டியின் தீவிரத்தையும், வெட்டிய விளிம்பில் எச்சம் உள்ளதா என்பதையும் திசுச் சோதனைதான் காட்டும். அதற்கு, அறுத்தெடுத்த கட்டியைப் போல் 10 மடங்கு அளவுள்ள 10% ஃபார்மலினில் (திசு அழுகாமல் காக்கும் திரவம்) அதை இட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.