கூடாரத்துக்குள் கரிச்சட்டி வேண்டாம்
ஜனவரியில் லடாக்கின் லே நகருக்குப் போய்க் கூடாரத்தில் தங்கப்போகும் காட்பாடித் தம்பிகளுக்கு, குளிரைச் சமாளிக்க ஒருவர் சொல்லும் யோசனை: "புகையில்லாத கரித்தணலைக் கூடாரத்துக்குள் வையுங்கள். ஜிப்பை நான்கு விரல் திறந்தால் போதும். ஏலகிரியில் அப்படித்தான் தூங்கினோம்." தம்பிகளே, தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள்.

புகை இல்லையென்றால் நஞ்சும் இல்லை என்று ஆகாது. தணல் கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடலாம். லேயில் ஆபத்து இன்னும் அதிகம். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் தலைவலியும் குமட்டலும் எப்படியும் வரக்கூடியவை. நஞ்சு ஏறுவதை, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி மறுபடி படுத்துவிடுவீர்கள். ஏலகிரியின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே தப்பித்தது அதிர்ஷ்டம், சான்று அல்ல.

வேலூர் வெயிலில் வளர்ந்த நமக்குக் குளிர் என்றால் காற்றுதான் நினைவுக்கு வரும். உண்மையில் தரைதான் உடற்சூட்டை விடாமல் உறிஞ்சும். ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் இரண்டு நுரைப்பாய் போடுங்கள். வியர்த்த உள்ளாடையையும் காலுறையையும் கழற்றிவிட்டு உலர்ந்தவற்றை அணியுங்கள். கசியாத பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, தொடைகளுக்கு நடுவே வையுங்கள். படுக்கும் முன் கடலை உருண்டை தின்னுங்கள். மது வேண்டாம், அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்துச் சூட்டை வெளியேற்றிவிடும்.

சமையல் வெளியில்தான். அடுப்பு எரிந்த இடத்தில் யாருக்காவது தலைவலி வந்தால், முதலில் எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள்.