அது காய்ந்து கிடக்கவில்லை

அந்த வீடியோவை நேற்றிலிருந்து பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். பாறையில் இருந்த ஆர்க்கிட்டைக் கத்தியால் நெம்பி எடுத்து, "வெயிலில் காய்ந்து கிடந்தது, காப்பாற்றுகிறேன்" என்கிறார் அந்தத் தம்பி. கீழே வரிசையாக இதயங்கள்.

அது காய்ந்து கிடக்கவில்லை. கோடையில் அது அப்படித்தான் இருக்கும். 'எரியா' (Eria) என்ற ஆர்க்கிட் வகை அது. இலையை உதிர்த்துவிட்டு, வலை மாதிரி உறை போர்த்திய சின்னச் சின்னக் குமிழ்களில் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். மழை இறங்கியதும் வெள்ளையாகப் பூக்கும்.

அதன் வேரில் பஞ்சு போன்ற உறை உண்டு. பாறையில் வழியும் ஈரத்தையும் மூடுபனியையும் அதுதான் உறிஞ்சும். விதை வெறும் தூசி, உள்ளே உணவு கிடையாது. கூடவே ஒரு பூஞ்சை இருந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூக்கப் பல வருடம் ஆகும். அந்தப் பாறையைத் தொட்டியில் எப்படி வைப்பீர்கள்?

நானும் பிடுங்கியவள்தான். அப்பா கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டிய காலம், எனக்கு எட்டாம் வகுப்பு. டப்பாவில் செம்மண் நிரப்பி நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் குமிழ் கொழகொழவென்று கையோடு வந்தது. அப்பா திட்டவில்லை. "பாறைதானே மக்ளே அதுக்க வீடு" என்றார். அன்றைக்கு அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"ஒரு செடிதானே" என்கிறீர்கள். பல பாறைகளில் இருப்பதே அந்த ஒரு கொத்துதான். நம் கன்னியாகுமரி மாவட்டக் காட்டில் 402 சதுர கிலோமீட்டர் சரணாலயம். அதற்குள் அனுமதியில்லாமல் செடி எடுப்பது குற்றம். ஆசையாக இருந்தால் நர்சரியில் வளர்த்த ஆர்க்கிட் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

"ரப்பர் போட்டுக் காட்டை அழித்தவர்கள் பேசலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் அப்பா கூலிக்குப் பால் வெட்டியவர். ஒரு சென்ட் நிலம் கிடையாது. இதற்கு மேல் கேட்டவருக்குச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஏற்கெனவே நம் ஊர்ப் பாறைகள் உடைபட்டு லாரி லாரியாகக் கேரள எல்லை தாண்டிப் போகின்றன. ராத்திரி அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறோம். மிச்சமிருக்கும் பாறையிலும் கத்தியை வைத்தால் எங்கே போய்ச் சொல்வது?

அந்தத் தம்பி என் கமெண்டை அழித்துவிட்டார். சரி. தம்பி, இது கண்ணில் பட்டால் கேளுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மண்ணில் புதைக்காதீர்கள். குமிழ் கெட்டியாக இருக்கும்போதே வனத்துறை ஆட்களிடம் கொண்டுபோய், எந்தப் பாறையில் எடுத்தீர்கள் என்று காட்டுங்கள். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.