அக்கா தட்டச்சு செய்த கோயில்கள்

டைடல் பார்க் சிக்னலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு 2000 ஞாபகம் வந்துவிடும். அந்தக் கட்டடம் திறந்த வருஷம். நான் முதல் வேலைக்குச் சேர்ந்ததும் அப்போதுதான். ஆனால் எங்கள் ஆபீஸ் தி.நகரில் ஒரு மாடி வீடு. கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம், மேலே பதினோரு பேர் சேர்ந்து ஒரு தமிழ் போர்ட்டல். சமையல், ஜோசியம், வரன், கோயில், கிரிக்கெட் என்று எல்லாம் ஒரே இடத்தில்.

அந்த நேரத்து வேகத்தை இன்றைக்குச் சொன்னால் நம்புவது கஷ்டம். 1999 நவம்பரில்தான், பிற்பாடு சிஃபி ஆன சத்யம் இன்ஃபோவே, ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்கு வாங்கப்போவதாக அறிவித்தது. சமாச்சார், கேல், கோஜ், பாவர்ச்சி என்று சில இணையதளங்கள், அதற்கு இவ்வளவு பணம்! அதைப் படித்துவிட்டு ஊரில் பாதிப் பேர் டொமைன் பதிவு செய்தார்கள். 2000 மார்ச் 10 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீடான நாஸ்டாக் 5048-ல் முடிந்தது. அதற்கப்புறம் சரிவுதான். அமெரிக்காவில் செல்லப்பிராணிப் பொருள்களை இணையத்தில் விற்ற பெட்ஸ் டாட் காம் பிப்ரவரியில் பங்கு வெளியிட்டு நவம்பரில் கடையைச் சாத்தியது. மளிகைச் சாமான் விற்ற வெப்வேன் 2001 ஜூலையில் போனது. எங்களுடையதும் அதே வருஷம்தான்.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் பணத்தைத்தான் பேசுகிறார்கள். என் மனசில் நிற்பது எங்கள் கோயில் பகுதியைப் பார்த்துக்கொண்ட அக்கா.

எஸ்.டி.டி. கட்டணம் குறையும் ராத்திரி நேரத்துக்குக் காத்திருந்து, தஞ்சாவூர்ப் பக்கத்துக் குருக்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போடுவார். நடை திறக்கும் நேரம், தல விருட்சம், திருவிழா நாள், எல்லாம் ஒரு லாங் சைஸ் நோட்டில் ஏறும். மறுநாள் காலை தட்டச்சு. ஒருநாள் நான் அவசரத்தில் ஒரு பக்கத்தை அப்படியே ஏற்றப் போனேன். “தம்பி, கும்பகோணத்துல இருந்து எந்த பஸ், எங்க இறங்கணும்னு போடல பாரு. வயசானவங்க வந்து நின்னா யாரைக் கேப்பாங்க?” என்று நிறுத்திவிட்டார். இருநூறுக்கு மேல் கோயில்கள் அப்படிச் சேர்ந்தன.

கம்பெனி மூடியதும் சர்வர் வாடகை நின்றது. சில வாரத்தில் தளமே இல்லை. எங்களுக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, அதைக்கூட மறந்துவிட்டேன். அந்தக் கோயில்களை மறக்க முடியவில்லை.

அதே காலத்தில் இன்னொரு வேலை நடந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள். டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கம் போய், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு வந்தபோது பழைய கோப்புகளையும் மாற்றினார்கள். இன்றைக்கும் திருக்குறளைத் திறந்தால் படிக்கலாம். முதலீட்டாளர் இல்லாததால்தான் அது பிழைத்தது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோப்புகளின் தலைப்பில் ஒரு வரி இருக்கும்: இந்த முகப்புப் பக்கத்தை எடுக்காமல் யாருக்கு வேண்டுமானாலும் தாராளமாகக் கொடுக்கலாம் என்று. யார் யாரோ எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒரு சர்வர் போனாலும் நூல் போகாது.

நாங்கள் செய்தது நேர்மாறு. யாரும் காப்பி அடிக்கக் கூடாது என்று மவுஸின் ரைட் கிளிக்கை முடக்கி வைத்தோம். அந்த நாலு வரி ஸ்கிரிப்டை எழுதியது நான்தான். எழுத்துருவும் எங்களுக்கென்று தனியாகச் செய்தது. போன மாதம் இணைய ஆவணக் காப்பகத்தில் தேடியபோது கோயில் பகுதியில் ஒரே ஒரு பக்கம் கிடைத்தது. அந்த எழுத்துரு இப்போது இல்லாததால் திறந்தால் தமிழே இல்லை, தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக. நடுவில் ஒரு போன் நம்பர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஊர் எதுவென்று தெரியவில்லை.

அக்காவிடம் போனில் சொன்னேன். நோட்டு வீடு மாறும்போது போய்விட்டதாம். “அந்த ஃபாண்டு கிடைச்சா படிக்கலாமா தம்பி?” என்றார்.

படிக்கலாம். எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம், நானே செய்வேன். 1999-2001-ல் தமிழ் போர்ட்டல்களில் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால், பரணில் கிடக்கும் பழைய சி.டி., ஃபிளாப்பி எதையும் தூக்கிப் போடாதீர்கள். டி.டி.எஃப். என்று முடியும் எழுத்துரு ஃபைல் ஒன்றாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பரவாயில்லை.