கற்பிட்டிக்கு நவம்பர் வேண்டாம்

பள்ளி விடுமுறை என்பதால் நவம்பரிலேயே இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள கற்பிட்டிக்கு கைட்போர்டிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டு) போகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். ஒரு பருவக்காற்று ஓய்ந்து அடுத்தது நிலைபெறாத மாதம் அது, ஏப்ரலும் அப்படித்தான். நான் ஒரு நவம்பரில் போய், ஆறு நாளில் நாலு நாள் கரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. வேகம் பெரும்பாலும் 20 நாட் (knot), அதாவது மணிக்கு சுமார் 37 கிலோமீட்டருக்கு மேல். 75 கிலோ ஆளுக்கு 9 சதுர மீட்டர் கைட் (பட்டம்) போதும், 12 சதுர மீட்டர் கைட் மூட்டையில் தூங்கும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வாடைக்காற்று, அதாவது வடகிழக்குப் பருவக்காற்று. வேகம் கொஞ்சம் குறைவு, அப்போது 12 கட்டாயம் வேண்டும்.

புதிதாகக் கற்பவர் களப்பில்தான் (கடலோர உப்பங்கழியில்) தொடங்க வேண்டும், அலையில்லாத தண்ணீர். குடும்பத்தோடு போகிறீர்களா? அப்படியானால் ஜனவரி, பிப்ரவரி. டால்பின் பார்க்கவும் அப்போது படகு போகும். சோளகத்தில் கடல் கொந்தளிப்பதால் படகை இறக்க மாட்டார்கள். அப்புறம், எந்த மாதம் போனாலும் காற்று வராத நாளுக்காக இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.