வால்டமோர்ட்டுக்கு ஒரு மகளாம்

ஹாரி பாட்டர் வரிசையில் எட்டாவதாக வந்த 'கர்ஸ்ட் சைல்டு' பற்றி எப்போது குறை சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது. "அது நாடகம் சார், படிக்கிறதுக்கு இல்ல, பார்க்கிறதுக்கு." இப்படிச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் லண்டன் பக்கமே போனதில்லை. அது போகட்டும்.

நாடகப் பிரதி தாளில் வெளிறித்தான் தெரியும். எனக்கு அது தெரியாமல் இல்லை. நான் பாபநாசம் பக்கத்து ஆள், மேலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தைப் பார்த்து வளர்ந்தவன். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே பந்தல் போட்டு, ராத்திரி முழுக்க நடக்கும். வெங்கடராம சாஸ்திரி எழுதிய பிரகலாத சரித்திரம் முழுக்கத் தெலுங்கு. எதிரே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்கு வரி புரியாது. ஆனால் லீலாவதி வேஷம் கட்டிய ஆண், பிள்ளைக்கு விஷம் கொடுக்கச் சொல்லிவிட்டார்களே என்று புலம்பும்போது பக்கத்தில் இருக்கும் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்தப் பிரதியை மட்டும் கையில் கொடுத்துப் படி என்றால் பத்துப் பக்கத்தில் நான் தூங்கிவிடுவேன். லண்டன் மேடையிலும் அப்படி ஏதோ நடந்திருக்கும். 2017இல் 9 ஆலிவியர் விருது, அடுத்த வருஷம் நியூயார்க்கில் 6 டோனி விருது என்று சும்மா அள்ளிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

என் வழக்கு மேடையோடு இல்லை, கதையோடு. ஏழாவது புத்தகம் வந்தது 2007 ஜூலையில். ஒன்பது வருஷம் கழித்து, 2016 ஜூலை 31 அன்று, அதாவது ஹாரியின் பிறந்தநாளில், 'எட்டாவது கதை' என்று அட்டையிலேயே போட்டு விற்றார்கள். கதையை முதல் ஏழையும் எழுதிய ரௌலிங், ஜான் டிஃபானி, ஜாக் தோர்ன் மூன்று பேரும் சேர்ந்து யோசித்திருக்கிறார்கள். நாடகமாக எழுதியது தோர்ன். எட்டாவது என்று எண் போட்டுக் கொடுத்தால் முதல் ஏழோடு ஒப்பிடத்தான் செய்வோம்.

எனக்கு ஆத்திரம் வருவதே, கையில் அருமையான கதை ஒன்றை வைத்துக்கொண்டு அதைத் தொலைத்ததில்தான். அந்தக் கதையின் பெயர் ஸ்கார்பியஸ். ஹாரியோடு பள்ளியில் மோதிக்கொண்டே இருந்த டிராகோ மால்ஃபாயின் மகன். அவன் டிராகோவுக்கே பிறக்கவில்லை, அவன் அம்மாவைக் காலத்தில் பின்னால் அனுப்பி, முதல் ஏழு புத்தகங்களின் வில்லன் வால்டமோர்ட்டுக்குப் பெற்ற பிள்ளை என்று பள்ளிக்கூடம் முழுக்க வதந்தி. அந்தப் பையனோ இனிப்புப் பொட்டலத்தை நீட்டி நட்பு தேடுகிற, புத்தகம் புத்தகமாகப் படிக்கிற, பயந்த சுபாவமுள்ள நல்லவன். அப்பா ஹாரியின் பெயரே பெரிய சுமையாகிவிட்ட ஆல்பஸ் பாட்டருக்கு அவன் ஒருவன்தான் துணை. நாலாம் காட்சியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இது பிரகலாதன் கதை. இரணியன் வீட்டுப் பிள்ளை என்று ஊர் சொல்லும், பிள்ளை வேறு மாதிரி வளரும். வரலாறு மாறி வால்டமோர்ட் ஜெயித்துவிட்ட உலகத்தில் ஸ்கார்பியஸ் போய் விழுகிறான். அங்கே அவன் ராஜா மாதிரி. எல்லோரும் அவனைக் கண்டு நடுங்குகிறார்கள். அதையெல்லாம் உதறிவிட்டு, தன்னைக் கேலி செய்கிற பழைய உலகமே வேண்டும் என்று அவன் திரும்புகிற இடம் இருக்கிறதே, முதல் ஏழு புத்தகங்களுக்குப் பக்கத்தில் தைரியமாக வைக்கலாம். நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் நம்மைக் காட்டும் என்று தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் இரண்டாம் புத்தகத்தில் சொன்னதை இந்தப் பையன் வாழ்ந்து காட்டுகிறான்.

சரி, இதோடு விட்டார்களா? இல்லை. வால்டமோர்ட்டுக்கு நிஜமாகவே ஒரு பிள்ளை உண்டு, பெண் பிள்ளை, பெயர் டெல்ஃபி, அம்மா அவனுடைய வெறிபிடித்த விசுவாசி பெல்லாட்ரிக்ஸ் என்று கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். யாருடைய ரத்தம் என்பதே கேள்வி இல்லை என்று ஒரு கையால் எழுதிவிட்டு, ரத்தம்தான் எல்லாம் என்று மறு கையால் அழித்த மாதிரி ஆகிவிட்டது. மேலட்டூரில் தலைமுறை தலைமுறையாக அதே பிரகலாத சரித்திரத்தை ஆடுகிறார்கள். புதுசாக இருக்கட்டுமே என்று இரணியனுக்கு ரகசியமாக ஒரு மகளை யாரும் சேர்த்ததில்லை.

வால்டமோர்ட் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாகவே கூடாது என்பதற்காக ஆன்மாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒளித்து வைத்தவன். எனக்குச் சாவே கிடையாது என்று நம்புகிறவனுக்கு வாரிசு எதற்கு? அந்த வெறுமைதான் அவனைப் பயங்கரமானவனாக்கியது. பெல்லாட்ரிக்ஸாவது? ஏழாம் புத்தகம் முழுக்கக் கத்தியும் மந்திரக்கோலுமாக நிற்கிறாள், ஹாரியின் குட்டி நண்பன் டாபியைக் கொல்கிறாள். அதற்கு நடுவில் எப்போது கர்ப்பம், எப்போது பிரசவம்? ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் நடந்த கடைசிச் சண்டைக்கு முன்னால் மால்ஃபாய் மாளிகையில் பிறந்ததாக ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

அப்புறம் டைம் டர்னர், காலத்தில் பின்னால் கொண்டுபோகும் கருவி. மூன்றாம் புத்தகத்தில் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பின்னால் போய் என்ன செய்தாலும், அது ஏற்கெனவே நடந்ததன் பகுதியாகவே இருக்கும். தன்னைக் காப்பாற்றியது அப்பா என்று நினைத்த ஹாரி, அது தான்தான் என்று உணர்கிற இடத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. ஐந்தாம் புத்தகத்தில் மந்திர அமைச்சகத்திலிருந்த டைம் டர்னர்களை மொத்தமாக உடைத்தும் விட்டார்கள். எட்டாவதில் எங்கிருந்தோ புதுசாக ஒன்று முளைக்கிறது, அதைத் திருப்பினால் உலகமே மாறுகிறது. முதல் தடவை திருப்பியதில் ஹாரியின் நண்பர்கள் ரானுக்கும் ஹெர்மாயினிக்கும் கல்யாணம் நடக்கவில்லை. ரான் கூடப் படித்த பத்மா பாட்டிலைக் கட்டிக்கொள்கிறான், பையன் பெயர் பஞ்சு. திருவையாற்றுப் பக்கம் பஞ்சாபகேசன்களை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாட்டில் வீட்டுப் பேரனுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நானும் மண்டையை உடைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

சிரிப்பு வராத இடம், ஹாரியோடு பள்ளிப் போட்டியில் மோதிய செட்ரிக். நாலாம் புத்தகத்தில் அவன் சாகும்போதுதான் அந்த வரிசை குழந்தைக் கதையாக இருப்பதை நிறுத்தியது. நேர்மையான பையன்; போட்டிக் கோப்பையைத் தனியாக எடுத்துக்கொள்ள மனமில்லாமல் ஹாரியோடு சேர்ந்து பிடித்ததால், வால்டமோர்ட் இருக்கும் இடத்துக்குப் போய்ச் செத்தான். எட்டாவது கதையில், ஏரிப் போட்டியில் ஊதிப்போய் மேலே மிதந்து ஊர் சிரிக்க அவமானப்பட்டான், அந்தக் கசப்பில் வால்டமோர்ட் கட்சியில் சேர்ந்து ஹாரியின் தோழன் நெவிலைக் கொன்றான் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நாள் அவமானத்துக்கு அந்தப் பையன் அப்படி ஆகிவிடுவானா? செத்தவனுக்கு அந்த மரியாதையாவது மிச்சம் வைத்திருக்கலாம்.

கதை முடிந்த பிறகும் வாசகர்களுக்குப் பசி இருக்கும், அது நியாயம்தான். மாயவரத்துக்குப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கிக்கும் இந்தத் தொல்லை இருந்தது. 1954இல் பொன்னியின் செல்வன் முடிந்ததும் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேள்விகள். முடிவுரை எழுதி, கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். ரௌலிங்கும் ஏழாம் புத்தகத்தின் கடைசியில் 'பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு' என்று ரயில் நிலையத்தில் அதைத்தான் செய்திருந்தார். அதோடு விட்டிருக்கலாம்.

அண்ணன் மகள் சமீபத்தில்தான் ஏழையும் முடித்தாள். எட்டாவதை நான் ஒளித்து வைக்கவில்லை, அதன் லட்சணத்தை அவளே பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாள். முதல் கேள்வி, "ரானை ஏன் சித்தப்பா இப்படி ஜோக்கராக்கிட்டாங்க?" ஆனாலும் ஸ்கார்பியஸுக்காக இன்னொரு தடவை படிக்கப் போகிறாளாம்.

"டெல்ஃபியை என்ன பண்ணுவே?" என்றேன்.

"அவ வர்ற பக்கத்தையெல்லாம் தள்ளிட்டுப் படிப்பேன்."

"அப்படின்னா ரெண்டாம் பாகத்துல பாதி போயிடுமே."

"போகட்டும் சித்தப்பா, சீக்கிரம் முடிஞ்சிடும்."