'மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி': இதைச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள்

வாக்கியக் கணக்கு என்றதும் பிள்ளைகளுக்கு நாம் முதலில் கொடுப்பது இந்தக் குறுக்குவழியைத்தான். மூன்றாம் வகுப்பு வரை வண்டி ஓடும். அதற்குப் பிறகு இதுவே காலை வாரும்.

"ரவியிடம் 12 மாங்காய் இருக்கிறது. இது கலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். கலாவிடம் எத்தனை?" 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பிள்ளை 17 என்று எழுதும். விடை 7. கூட்டல், கழித்தல் எல்லாம் அதற்கு நன்றாகவே தெரியும். வாக்கியத்தைத்தான் படிக்கவில்லை. "யாரிடம் அதிகம்?" என்று கேட்டாலே பாதிப் பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

பிரான்சில் கிரனோபிள் நகரத்தில் 1980ஐ ஒட்டிச் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு. கப்பல் தலைவருக்கு என்ன வயது? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயது சொல்லிவிட்டார்கள். நம் ஊர் வகுப்பில் கொடுத்தாலும் பலர் 36 என்றுதான் சொல்வார்கள்.

முதல் வாசிப்பில் எண்களை விரலால் மறைத்துவிடுங்கள். "பஸ்ஸில் சிலர் இருந்தார்கள், சைதாப்பேட்டையில் சிலர் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள், இப்போது இத்தனை பேர்" என்று பிள்ளை தன் வாயால் கதை சொல்லட்டும். எண் கண்ணில் படாதவரை பென்சிலைத் தூக்காது. அடுத்து, கேள்வியை விடை வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்: "இறங்கியவர்கள் ____ பேர்." எதைத் தேடுகிறோம் என்பது அங்கேயே தெளிந்துவிடும். இப்போது எண்களைத் திறங்கள்: முதலில் 38 பேர், ஏறியது 14, இப்போது 43. யாரும் இறங்காவிட்டால் 52 இருந்திருக்கும். ஆக இறங்கியது 9.

பின்னத்தில்தான் ரொம்பத் தடுமாறுகிறார்கள். "முக்கால் கிலோ கத்தரிக்காய் 36 ரூபாய். ஒரு கிலோ என்ன விலை?" உடனே 36ஐ முக்காலால் பெருக்கி 27 என்பார்கள். ஒரு நீளப் பட்டை வரையச் சொல்லுங்கள். அதுதான் ஒரு கிலோ. அதை 4 கட்டமாகப் பிரித்து 3 கட்டத்துக்கு நிழல் போடட்டும். நிழல் போட்டது 36 ரூபாய், ஒரு கட்டம் 12, நாலு கட்டம் 48. கையில் பட்டை இருந்தால் வகுக்கணுமா, பெருக்கணுமா என்ற கேள்வியே எழாது. சிங்கப்பூர் பள்ளிகளில் 1980களிலிருந்து இந்தப் பட்டைப் படத்தைத்தான் வரைய வைக்கிறார்கள். 27 என்று எழுதிய பிள்ளையிடம் "தப்பு" என்று சொல்லாதீர்கள். "முக்கால் கிலோவே 36 ஆச்சே, ஒரு கிலோ அதைவிடக் குறையுமா கண்ணு?" என்று கேளுங்கள்.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு இன்னொரு கண்ணி உண்டு. 'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' என்று படித்ததும், காதில் விழுந்த வரிசையிலேயே 5 கழித்தல் எக்ஸ் என்று எழுதிவிடும். தமிழில் 'எக்ஸைவிட 5 குறைவு' என்று சொல்லிப் பார்த்தால் வரிசை தானாகச் சரியாக வரும்: முதலில் எக்ஸ், பிறகு கழித்தல் 5. சென்னையில் பல வீடுகளில் 'இங்கிலீஷிலேயே யோசி' என்று பிள்ளையை அதட்டுகிறார்கள். கணக்குக்கு அது கெடுதல். புரிந்துகொள்வது தமிழில் நடக்கட்டும், எழுதுவது எந்த மொழியிலும் இருக்கட்டும்.

மீதி வரும் கணக்கில் விடையைக் கதைக்குள் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். 47 பிள்ளைகள், ஒரு வேனுக்கு 6 பேர். எத்தனை வேன் வேண்டும்? வகுத்தால் ஈவு 7, மீதி 5. ஆனால் அந்த 5 பேரை விட்டுவிட்டா போவது? 8 வேன்.

ஒரு நாளைக்கு 2 கணக்கு போதும், 20 வேண்டாம். ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: 5 மதிப்பெண் கணக்கில் பட்டைப் படத்துக்கும் விடை வாக்கியத்துக்கும் 2 மதிப்பெண்ணாவது ஒதுக்குங்கள். மதிப்பெண் இல்லாத படத்தை எந்தப் பிள்ளையும் பரீட்சையில் வரையாது.