காத்திருப்பவர்கள் மீது ஏன் இந்தக் கோபம்?

சியாட்டிலில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டில், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான நாவல் தொடரை எழுதிவரும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் முகத்துக்கு நேராக, அவர் இன்னும் அதிக காலம் இருக்கப்போவதில்லை என்று சொல்லி, தொடரை வேறொருவர் முடிக்கலாமா என்று ஒருவர் கேட்டது அநாகரிகம். எழுபது வயதைக் கடந்த ஒரு மனிதரிடம், அதுவும் கூட்டத்தின் நடுவே, கேட்கக்கூடிய கேள்வியே அல்ல அது. ஆனால், அவருக்குப் பரிந்து பேசுகிற நீங்கள், தொடரின் ஆறாம் தொகுதியான ‘தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்’ எப்போது வரும் என்று வாய் திறக்கிற எல்லோரையும் அந்த ஒருவரோடு சேர்த்து வைத்துப் பேராசைக்காரர்கள் என்று திட்டுகிறீர்களே, அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு புத்தகத்துக்காகக் காத்திருப்பது வேறு, ஒருவருடைய ஆயுளைக் கணக்குப் பார்ப்பது வேறு.

ஐந்தாம் தொகுதி வந்தது 2011 ஜூலையில். கதையின் நாயகர்களில் ஒருவனான ஜான் ஸ்னோவைச் சொந்தக் காவல்படைத் தோழர்களே கத்தியால் குத்திச் சாய்க்கிற இடத்தில் எங்களை நிறுத்திவிட்டுப் போனவர் ஆசிரியர்தான். வின்டர்ஃபெல் கோட்டைக்குப் போகும் வழியில் பனியில் சிக்கிய, அரியணைக்குப் போட்டியிடும் ஸ்டானிஸின் படை இன்றும் அங்கேயே கிடக்கிறது.

என் அக்கா தன் பிரதியின் ஓரங்களில் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்பு எழுதி வைத்திருப்பாள். ‘இவன் பொய் சொல்கிறான்’, ‘அடுத்த தொகுதியில் பார்க்க வேண்டும்’ என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். 2016இல் தொலைக்காட்சித் தொடர் நாவல்களைத் தாண்டிப் போனபோது, முடிவைப் புத்தகத்தில்தான் படிப்பேன் என்று அதைப் பார்க்கவே மறுத்தாள்; யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். சென்ற ஆண்டு ஐந்து தொகுதிகளையும் என்னிடம் கொடுத்து, “இனி நீயே வைத்துக்கொள்” என்றாள். இப்படிப்பட்ட வாசகியையா பேராசைக்காரி என்கிறீர்கள்?

எழுத்தாளர் உங்கள் வேலைக்காரர் அல்ல என்பீர்கள். அவரை வேலைக்காரர் என்று நாங்கள் எப்போது சொன்னோம்? 2015 முடிவதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று நம்பியவரும் அவரே, முடியவில்லை என்று 2016 ஜனவரி 2 அன்று வலைப்பதிவில் எழுதியவரும் அவரே. அதைப் படித்து, எங்கள் ஏமாற்றத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவருக்காக வருந்தினோம். 2018இல் ‘ஃபயர் அண்ட் பிளட்’ வந்தபோதும் ஆசையோடு வாங்கிப் படித்தோம். கதையில் வரும் டார்கேரியன் அரச குடும்பத்து முன்னோரின் வரலாறு அது, ஜானுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அதில் விடை ஏது? படிக்க வேறு புத்தகமா இல்லை என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

‘தி வீல் ஆஃப் டைம்’ நாவல் தொடரை எழுதிவந்த ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் என்ற எழுத்தாளர் 2013இல் அந்தத் தொடரை நிறைவு செய்தார். அது அவர்களுக்குச் சரியாக அமைந்தது. இங்கே எனக்கு அது வேண்டாம். மார்ட்டினின் பாத்திரமான டிரியனின் பேச்சை இன்னொருவர் எழுதிப் படிப்பதைவிட, கதை பாதியிலேயே நின்றாலும் பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது. எழுத முடியவில்லை, கதை கைமீறிவிட்டது என்று அவரே சொன்னால்கூட அழுதுவிட்டு ஏற்றுக்கொள்வோம். அதைச் சொல்ல வேண்டியவர் அவர். எங்களை வாயை மூடச் சொல்ல நீங்கள் யார்?